கழுவிய கை

என் மனைவி கைப்பேசிக்குப் பாடம் செய்கிறவள். எடுக்கிறவள் அல்ல, செய்கிறவள். இந்த வித்தியாசத்தைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். விஷயத்தை மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் படிக்கிற அளவுக்கு அதை நறுக்கித் தருவது அவள் வேலை. "ஒரு திரைக்கு ஒரு விஷயம். அதை முடிச்சாதான் அடுத்தது" என்பாள். வீட்டில் என்னிடமும் அப்படித்தான் பேசுவாள்.

சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு வழி உண்டு. வயிற்றில் பொருத்திய குழாயில் மருந்து நீர்ப் பையை மாட்ட வேண்டும், பிறகு வடித்துவிட வேண்டும். மாட்டும்போது கை சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி நேரே வயிற்றுக்குள் குடிபுகுந்துவிடும். அதற்கான பாடத்தை இவள்தான் செய்தாள். அலுவலகத்தில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்கும் சிறுநீரகம் பழுதானது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை அவளுக்கு. தனியாக இருப்பவள், அந்த நாற்காலியை நம்பித்தான் இருக்கிறாள். வாரத்தில் பாதி நாள் மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு படுத்துக்கிடந்தால் அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டால் பிழைத்தாள்.

"கவலைய விடு. அண்ணி செஞ்ச பாடம் இருக்கு" என்று இவளே அவள் கைப்பேசியில் அதை ஏற்றிக் கொடுத்தாள். தங்கையை வீட்டில் கிளி என்போம். போட்ட கோட்டைத் தாண்டமாட்டாள். நர்ஸ் கற்றுக்கொடுத்ததையும் பாடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டாளாம்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு வயிற்றுவலி, காய்ச்சல். வடிந்த நீர் கலங்கலாக வந்தது. மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள், மறுபடியும் வந்தது. மருத்துவர், "இன்னொரு தடவை வந்தா குழாயை எடுத்துருவோம்" என்றார். இன்னொரு தடவையும் வந்தது.

வார்டில் நர்ஸ் ஒரு காலிப் பையைக் கொண்டுவந்து, "வீட்ல எப்படிச் செய்றீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார். நானும் மனைவியும் சுவரோரம் நின்றோம்.

தங்கை கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரையைத் தொட்டாள். முகமூடி போட்டாள், தொட்டாள். பிறகு விரலிடுக்கு, நகக்கண் ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். 'கை கழுவியாயிற்று' என்று ஒரு பச்சைப் பொத்தான் காத்திருந்தது. அதைத் தொட்டாள். அதே விரலால் குழாயின் மூடியைப் பிடிக்கப் போனாள்.

"நில்லுங்க! போனைத் தொட்டுட்டீங்களே!" என்றார் நர்ஸ்.

"தொட்டாதானே அடுத்தது வரும்?" என்றாள் தங்கை.

கவுண்டரில் ஊரார் கைபட்ட காசோடு காசாகப் புழங்குகிற கைப்பேசி அது. மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன், அவ்வளவு கோபம் எனக்கு.

வராந்தாவில் அவளே சொன்னாள். "ஆபீஸ்ல எத்தனையோ பேரை வச்சு சோதிச்சோம். எங்க வாஷ்பேசின் அந்தக் கடைசியில இருக்கு. அதனால 'கழுவினதா வச்சுக்கோங்க'ன்னு சொன்னேன். எல்லாரும் வச்சுக்கிட்டாங்க."

பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்தின் அளவையும் பொத்தானின் நிறத்தையும் பார்த்தவர்கள். ஈரக் கையோடு ஒருத்தர்கூட அந்தத் திரை முன் நிற்கவில்லை.

அங்கேயே தன் மேலாளரைப் போனில் அழைத்துப் பாடத்தை உடனே நிறுத்தச் சொன்னாள். பொத்தான் இல்லாமல், குரல் தானாகச் சொல்லிக்கொண்டே போகும்படி மாற்ற வேண்டும் என்றாள். "தொடலைன்னா அவங்க செஞ்சாங்களா இல்லையானு நமக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. "நமக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது சார்? முதல்ல நிறுத்துங்க" என்று கத்தினாள். நிறுத்தினார்கள்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். இனி இயந்திரம்தான். கவுண்டர் போனது போனதுதான்.

மனைவி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "தப்பு உன்னோடது இல்லம்மா. பாடத்துலதான் தப்பு. நான் செஞ்ச தப்பு."

"சும்மா இருங்க அண்ணி" என்றாள் தங்கை. அழுகிறவளைத் தேற்றுகிற குரலில் சொன்னாள். "டாக்டருங்க எழுதி, நீங்க செஞ்சது. அதுல எப்படித் தப்பு வரும்? நான்தான் எங்கயோ சரியாப் படிக்கல. திரும்ப முதல்லேர்ந்து பார்த்துட்டுச் சொல்றேன், எங்க விட்டேன்னு."

கைப்பேசியை எடுத்துப் பாடத்தைத் தொட்டாள். திரை வெறுமையாக நின்றது. மறுபடி தொட்டாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தொட்டாள்.

"பாருங்க, திறக்கக்கூடத் தெரியல எனக்கு" என்றாள்.