சிவப்புக் கூட்டத்தில் ஒரு புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர். நுரையீரல் நோயை மூச்சிலேயே மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அதன் சென்சார்கள் கொட்டும் எண்களை அலசி, நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் மென்பொருளை எழுதியவள் அவள். திரையில் ஆளுக்கொரு புள்ளி. நோயாளிகள் ஒரு பக்கம் சிவப்பாகக் கூடுவார்கள். நோயில்லாதவர்கள் மறுபக்கம் பச்சையாக.

அன்று காலை, நோயில்லாதவர் என்று பதிந்துவைத்த ஒரு பச்சைப் புள்ளி, சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவே போய் உட்கார்ந்திருந்தது. யாரென்று தட்டிப் பார்த்தாள். அவள் கணவன். நோயில்லாத ஆட்கள் போதவில்லையே என்று, முந்தின நாள் அவனைப் பையில் ஊதவைத்து அவள்தான் கொண்டுவந்திருந்தாள்.

சென்சார் ஏதோ உளறுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வெறும் காற்றைச் செலுத்திப் பார்த்தாள், சென்சாரில் குறையில்லை. கணக்கை வேறு வழியில் போட்டாள். புள்ளி இம்மியும் நகரவில்லை.

மாலையில் நேராக அவன் பட்டறைக்குப் போனாள். அவன் ஒரு கட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை ஊதுங்க."

"நேத்துதானே ஊதினேன்? உன் மெஷினுக்கு என் மேல அவ்ளோ ஆசையா?"

சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல்தான். அவள் அவசரமாகப் பையை அவன் வாயருகே நீட்டினாள்.

இரண்டாவது மூச்சும் அதே இடத்தில் போய் விழுந்தது. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னாள். அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது.

கருவியைச் சோதித்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் டாக்டரம்மா படத்தை விளக்கில் பிடித்துப் பார்க்கும்வரை அவளுக்கு மூச்சே விடத் தோன்றவில்லை.

"ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகம் கழுவிக்கொள்ளப் பக்கத்து அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தினமும் அவன் சட்டையைத் துவைக்கும்போது வருகிற அதே வாடை. சுவர் முழுக்கப் பளபளவென்று புதிய மர அலமாரிகள்.

"டாக்டர், நோயாளிங்களை எங்க வச்சு ஊதச் சொன்னீங்க?"

"இதே ரூம்லதான். ஏன்?"

நோயில்லாதவர்கள் அவள் அலுவலகத்தில் ஊதியவர்கள். அப்படியானால் அவள் மென்பொருள் இத்தனை நாளும் நோயை மோப்பம் பிடிக்கவே இல்லை. வார்னிஷைத்தான் பிடித்திருக்கிறது.

போன பயம் இருமடங்காகத் திரும்பி வந்தது. "போன மாசம் இந்த மெஷினை வச்சு ஊர்க்காரங்களுக்கு முகாம் நடத்தினீங்களே, அது எங்க?"

"கீழே திறந்த கூடத்துல. எல்லாருக்கும் பச்சைன்னு வந்துச்சு. சந்தோஷமா வீட்டுக்கு அனுப்பி..." டாக்டரம்மாவின் பேச்சு பாதியில் நின்றது.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க டாக்டர். என் கணக்கு தப்பு."

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் எடுக்கவே இல்லை; டாக்டரம்மா வீட்டுக்கே ஆள் அனுப்பினார்.

வந்தவர்களுக்கெல்லாம் ஸ்கேன் எடுத்ததில் அநேகமாக யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு பஸ் டிரைவருக்கு மட்டும் படத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சிறியதுதான், அறுத்து எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டரம்மா.

அறுவைக்கு முன் கணக்கம்மா அவரைப் போய்ப் பார்த்தாள்.

"மெஷின் ஒண்ணுமில்லன்னு சொல்லுச்சேம்மா?" என்றார் அவர்.

"அதுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தாங்க."

அவர் அவளிடம் தலையணையைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னார்.