பனியில் வைத்த மஞ்சள் நாற்காலி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவிடுக்கில் காற்று வருகிறது, அந்தக் கம்பளியைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவுக்குக் குடிவந்த இரண்டு பேர், வந்த மூன்றாம் வாரமே ஒரு நாற்காலியால் வீட்டை இழக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், நல்லபடியாகத்தான் முடியும்.

பிட்ஸ்பர்க்கில் எங்கள் தெரு, ஏணியைச் சாய்த்து வைத்தது போல ஏறும். அதன் உச்சியில் ஐரீனின் வீடு. கணவர் மிலன் காலமான பிறகு மாடியை வாடகைக்கு விட்டு வந்தாள். அந்த ஜனவரியில் டெக்சாஸின் லரேடோவிலிருந்து எலாடியோவும் மரிசெலாவும் ஒரு பழைய வண்டியில் வந்து இறங்கினார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். அவனுக்கு இங்கே பஸ் பணிமனையில் வேலை கிடைத்திருந்தது. வண்டியில் ஒரு மெத்தை, இரண்டு சட்டி, ரொட்டி சுடும் இரும்புக் கல், அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

மலிவு விடுதியில் நான்கு நாள் தங்கி, ஒன்பது வீடு ஏறி இறங்கிவிட்டுத்தான் ஐரீனிடம் வந்தார்கள். அவள் முன்பணத்தில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஆனால் கறாராக ஒன்று சொல்லிவிட்டாள்.

"மார்ச் முடியற வரைக்கும் இருங்க. எனக்கு ஒத்துவந்தா அப்படியே இருக்கலாம். இல்லேன்னா எங்க அக்கா மகன் இந்த மாடிக்காக ஒத்தக் கால்ல நிக்கிறான்."

அந்த வாடகைக்கு இன்னொரு இடம் கிடைக்காது. திரும்பிப் போகலாம் என்றால் பெட்ரோலுக்குக் கூடக் கையில் இல்லை. இருவருக்கும் அது தெரியும். அதனால் மாடியில் பூனை போல நடந்தார்கள்.

எங்கள் பக்கம் குப்பை வண்டி வியாழக்கிழமை வரும். முந்தின நாள் சாயங்காலம், வேண்டாத சாமானை வீட்டு வாசலில், நடைபாதை ஓரம் வைத்துவிடுவோம். தேவைப்பட்டவர் எடுத்துப் போகலாம். யாரும் ஏனென்று கேட்பதில்லை. அப்படித்தான் அவர்களுக்கு ஒரு மேஜை கிடைத்தது, ஒரு விளக்கு கிடைத்தது, ஓரம் உடைந்த கண்ணாடி கிடைத்தது. நாற்காலி மட்டும் அமையவில்லை. கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"ராஜா ராணி மாதிரி இருக்கோம், எல்" என்பாள் மரிசெலா, எலாடியோவைச் சுருக்கி.

"ராணிக்கு இடுப்பு வலிக்கலையா?"

"வலிக்குது. சொல்ல வேணாம்னு இருந்தேன்."

மூன்றாம் வாரம் பனி கொட்டியது. முழங்காலுக்கு மேல். லரேடோக்காரர்கள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு குழந்தைகள் மாதிரி பார்த்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை. துணி துவைக்கும் கடையிலிருந்து மூட்டையோடு திரும்பிய மரிசெலா, தெருவின் அடிவாரத்தில் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் பனி மலையாகக் குவிந்திருக்க, நடுவில் ஒரு கார் நீளத்துக்குச் சுத்தமாக வெட்டிய இடம். அதில் ஒரு நாற்காலி. எஃகுக் கால், மஞ்சள் மெத்தை. ஒரு கீறல் கிடையாது.

'இதையா தூக்கிப் போடுவாங்க!' என்று நினைத்தாள். மூட்டையை நாற்காலி மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேடேறினாள்.

வீட்டு வாசலுக்கு வந்தால், பணிமனையிலிருந்து எலாடியோ வருகிறான். அவன் கக்கத்தில் ஒரு பச்சை மடக்கு நாற்காலி! அடுத்த வளைவில் அதே மாதிரி வெட்டிய இடத்தில் இருந்ததாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு என் வீட்டுக்கே கேட்டது.

"இந்த ஊர்க்காரங்களுக்கு என்ன மனசு பாரு, மரி! பனி பெய்ஞ்சா நாற்காலி தானம் பண்றாங்க."

அன்றைக்கு முதுகு சாய்த்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பீன்ஸும் சுடச்சுட ரொட்டியும். மரிசெலா கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த நாற்காலியக் கொடுத்தவங்க வீடு நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஆமென் சொல்வதற்குள் படிக்கட்டில் ஐரீனின் குரல். "தம்பி! கேட்டியா இந்த அநியாயத்த!"

எலாடியோ வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டான்.

"மேட்டுல கார் ஏறாதேன்னு நேத்து கீழ ரெண்டரை மணி நேரம் பனி வெட்டினேன், இந்தப் பாழாப்போன தோள வெச்சிக்கிட்டு. கார் நிறுத்துற இடம் என்னோடதுன்னு நாற்காலி வெச்சிட்டு, கார எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். வந்து பாத்தா நாற்காலியக் காணோம், எவனோ கார விட்டுட்டுப் போயிருக்கான். இருபத்தாறு வருஷமா வெக்கிறேன், போலீஸ்காரன் கூடத் தொட்டதில்ல!"

"நாற்காலி... வெச்சா... இடம் உங்களோடதா?"

"பின்ன? வெட்டினவங்களுக்குத்தான இடம்! யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். நம்ம தெரு லெஸ்டர்தான். அவன் வாசல்ல நின்னு கிழிச்சிட்டு வரேன். அதுக்கு அவன் சொல்றான், அவனோட பச்ச நாற்காலிய நான் எடுத்தேனாம்! எங்க மிலனோட சவப்பெட்டியத் தோள்ல தூக்கினவன் அவன். போகட்டும், இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

எலாடியோ உள்ளே வந்தபோது அவன் காதுகள் சிவந்திருந்தன. மரிசெலா எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு அவங்க வெளிய போறப்ப, சத்தமில்லாம கொண்டுபோய் வெச்சிடலாம், மரி."

"எங்க வெப்ப? அங்கதான் வேற கார் நிக்குதே. அதோட தலை மேலயா?"

"சொன்னா வீடு போயிடும்டி."

"சொல்லலன்னா அவங்களுக்கு லெஸ்டர் போயிடுவாரு. நம்மளால. எல், இனி இந்த நாற்காலியில உக்காந்தா எனக்குச் சோறு இறங்காது."

அவன் எழுந்தான். பிறகு பச்சை நாற்காலியை மடக்கினான்.

இருவரும் கீழே இறங்கிப் போய்த் தட்ட, ஐரீன் கதவைத் திறந்தாள். முதலில் மஞ்சளைப் பார்த்தாள், பிறகு பச்சையைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல பனி கிடையாதும்மா" என்றாள் மரிசெலா. "நாளைக்குக் குப்பை நாளாச்சே, வேணாம்னு வெச்சிட்டாங்கன்னு நெனச்சோம்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

ஐரீன் வாசலிலேயே தன் மஞ்சள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இவர்கள் பதறினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவன என்னவெல்லாம் சொன்னேன்! உன் வீட்டுத் தண்ணிய நாய் கூடக் குடிக்காதுன்னேன்..." சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்தாள். "கோட்டப் போடுங்க, ரெண்டு பேரும். பச்சைய எடுத்துக்கங்க."

வெளியே அனுப்பத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். நேராக லெஸ்டர் வீட்டு மணியை அடித்தாள். கழுத்தில் சாப்பாட்டுத் துண்டோடு அவர் வந்தார்.

"என்ன ஐரீன், திட்டு பாக்கி இருக்கா?"

"இல்ல. இந்தா உன் பச்ச. இவங்கதான் திருடங்க, நான்தான் முட்டாள். மூணு பேரையும் சேத்து மன்னிச்சிடு."

லெஸ்டர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு?"

"லரேடோ, ஐயா."

"அங்க பனி?"

"ஐஸ் பெட்டியில மட்டும்."

அந்த மனிதர் சிரித்ததில் கழுத்துத் துண்டு கீழே விழுந்தது. எலாடியோ அங்கேயே வாக்குக் கொடுத்தான். "இந்தக் குளிர்காலம் முழுக்க ரெண்டு பேர் இடத்தையும் நான் வெட்டித் தரேன்."

திரும்பி வரும்போது மரிசெலாவால் அடக்க முடியவில்லை. "அம்மா, மார்ச்ல நாங்க காலி பண்ணிடணுமா?"

ஐரீன் மூச்சு வாங்க நின்றாள். "காலி பண்ணிட்டு? அடுத்த வருஷம் பனிய யாரு வெட்டுவா, எங்க அக்கா மகனா? அவன் குனிஞ்சு தன் ஷூ கயிறக் கூடக் கட்ட மாட்டான். உங்களுக்குப் பிடிக்கிற வரைக்கும் இருங்க, கண்ணு."

எங்கள் தெருவில் எதுவும் ஒளியாது. சனிக்கிழமை காலை மாடிக் கதவைத் திறந்தால், படிக்கட்டில் ஐந்து நாற்காலிகள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 'இது நிஜமாவே இலவசம்' என்று ஒன்றில். 'பனி பெய்ஞ்சாலும் உங்களோடதுதான்' என்று லெஸ்டரின் கோணல் எழுத்தில் இன்னொன்றில். கால் ஆடுகிற நாற்காலி நான் கொண்டுபோய் வைத்தது. எலாடியோ ஒரே ஆணியில் சரி பண்ணிவிட்டான். மரிசெலா படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள், பிறகு லரேடோவுக்குப் போன் போட்டு அம்மாவிடம் ஒவ்வொரு நாற்காலியாகச் சொன்னாள்.

மறுநாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஐரீன், லெஸ்டர், நான், அவர்கள் இருவர். ஐந்து நாற்காலியும் நிறைந்தது. அதே பீன்ஸ், அதே ரொட்டி. மரிசெலா கண்ணை மூடி, "இந்த நாற்காலியக் கொடுத்தவங்க வீடு நல்லா இருக்கட்டும்" என்றாள். இந்தத் தடவை கொடுத்தவர்கள் எதிரிலேயே இருந்து ஆமென் சொன்னோம்.

உங்கள் வீட்டிலும் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. புது ஊருக்குப் போனால் அங்கே உங்களுக்கென்று ஒரு நாற்காலி காத்திருக்கட்டும். உங்களைத் தேடி வருகிறவர்களுக்கும் உங்கள் வீட்டில் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.