நான்காவது நாற்காலி தட்டியது

ஹயலியாவில், காப்பி விற்கும் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் பூங்காவில், மாமரத்தடி டோமினோ மேசையின் நான்காவது நாற்காலியில் ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒருவரும் உட்கார்ந்ததில்லை. ஆனால் அது ஆடிய ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் அதன் ஆட்டம் கொஞ்சம் மந்தம். மற்ற மூவருக்கும் போல அதற்கும் பத்துக் காய் பிரித்து வைப்பார்கள். அதன் முறை வந்ததும் ஒரு காய் தானாக நகர்ந்து போய் வரிசையின் முனையில் பொருந்தும். பிறகு யாரோ நகத்தால் சரிசெய்தது போல ஒரு சின்ன அசைவு. போட காய் இல்லையென்றால் மேசை இரண்டு முறை டொக் டொக்கென்று தட்டும். எங்கள் ஊரில் பாஸ் என்பதற்கு அதுதான் அடையாளம், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் பாதிரியார் ஒருவர் வந்து தண்ணீர் தெளித்துப் பார்த்தார், வானொலிக்காரர்கள் வந்தார்கள், பல்கலைக்கழகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து நாற்காலியை அளந்தாள். ஒரே வருடத்தில் எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. அதன்பிறகு அந்த நாற்காலியைப் பற்றிய ஒரே புகார், அது யோசிக்க நேரம் எடுக்கிறது என்பதுதான்.

அது யாருடைய நாற்காலி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மெத்தைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த எவெலியோ கர்ராசானாவின் அண்ணன் கசிமீரோவுடையது. சின்ன வயதிலிருந்தே அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடியாக ஆடியவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் நாங்கள் விட்டு வந்த கார்தெனாஸில் அவர்களை எதிர்த்து உட்கார ஆள் கிடைப்பது கஷ்டம். புரட்சி வந்தது. கசிமீரோ புரட்சிக்காரர்களின் ஆலிவ் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு மலைக்கிராமங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார். எவெலியோ கடல் தாண்டிப் போக விசா வாங்கினார். கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், பாதி ஆட்டத்தில், யார் எதைச் சொன்னார்கள் என்று இன்றுவரை இரண்டு பேருமே ஒழுங்காகச் சொல்வதில்லை. எவெலியோ எழுந்து நின்று, "இந்த அரசாங்கம் விழுற வரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன், இது சத்தியம்" என்றாராம். கசிமீரோ காய்களிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "சரி, அப்ப ஆட்டம்?" என்று கேட்டாராம். "ஆட்டம் வேற" என்று சொல்லிவிட்டுத் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹயலியாவில் முதல் குளிர்காலத்தில் ஆட்டத்துக்கு நான்காவது ஆள் கிடைக்கவில்லை. சும்மா இருக்கட்டுமே என்று எவெலியோ தனக்கு எதிரே இருந்த காலி இடத்துக்கும் பத்துக் காய் வைத்தார். இரண்டாவது சுற்றில் காய் நகர்ந்தது. அண்ணன் வழக்கமாகச் செய்யும் அந்த நக அசைவைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் தன் காயை வைத்தார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரு நாள் விடாமல் ஜோடியாக ஆடினார்கள். சத்தியமும் கெடவில்லை, ஏனென்றால் எங்கள் டோமினோவில் ஜோடிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசவே கூடாது. கம்யூனிஸ்ட்டோடு பேச்சு வைத்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தக் காலத்து ஹயலியாவில் மளிகைக் கடைக்காரன்கூட முகம் கொடுக்க மாட்டான். எவெலியோ பேசவில்லை, ஆடினார். இதில் குற்றம் கண்டுபிடிக்க எந்த உள்ளூர் தேசபக்தனாலும் முடியவில்லை, முயற்சி என்னவோ நிறையவே நடந்தது.

எதிர்ஜோடியும் வெகுகாலமாக மாறவில்லை. ஒருவர் ஆர்செனியோ கெவேதோ. அந்த அரசாங்கத்தின் சிறையில் ஒன்பது வருடம் கிடந்துவிட்டு வந்தவர். காயை வைக்க மாட்டார், அறைவார். அவர் அறைகிற அறையில் எதிர்ச் சாரியில் முடிவெட்டிக்கொண்டிருப்பவன் திடுக்கிடுவான். மற்றவர் பேக்கரிக்காரர் பூபோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் படகில் வந்தவர், வாய் ஓயாது. எவெலியோவோ தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போலக் காயை வைப்பார், சத்தமே வராது. ஆர்செனியோவுக்கு அந்த நாற்காலியில் ஒரு கம்யூனிஸ்ட் உட்கார்ந்திருக்கிறான் என்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் தினமும் வந்தார். "அவனுங்கள வேற எங்கயும் ஜெயிக்க முடியல, இங்கயாவது ஜெயிச்சுக்கறேன்" என்பார். பெரும்பாலும் தோற்றார்.

வருடங்கள் போயின. எவெலியோவின் மனைவி இறந்தாள், மகள்கள் டாம்பாவுக்குக் குடிபோனார்கள், புயல் சாய்த்த மாமரம் மறுபடி துளிர்த்தது. ஒவ்வொரு தேர்தலின்போதும் அந்த அரசாங்கத்தோடு உறவு வேண்டுமா வேண்டாமா என்று மேசையில் சண்டை நடந்தது. எவெலியோ அதில் வாய் திறந்ததேயில்லை. அப்புறம் இரண்டாயிரத்துப் பதினாலு இலையுதிர்காலத்தில் நாற்காலியின் ஆட்டம் கெட்டது. காய்கள் கோணலாக வந்து விழுந்தன. நகர்வதற்கு முன் ஒரு காய் தன் பக்கத்துக் காய்களையெல்லாம் தடவிப் பார்ப்பது போல அசைந்தது. ஒரு நாள் ஐந்துக்குப் பக்கத்தில் மூன்று வந்து நின்றது. எவெலியோ அதை எடுத்து அண்ணன் பக்கம் தள்ளி வைத்தார். ஆர்செனியோ அதைப் பார்த்தார். தப்பு என்று கத்த வேண்டிய மனுஷன், காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். அன்று சாயங்காலம் எவெலியோ வீட்டுக்குப் போகாமல் வெகுநேரம் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பேசலாமா என்று வாய்வரை வந்தது. ஐம்பது வருட வீம்பு விடவில்லை, காய்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனார். அண்ணன் செத்துப்போனால் இந்த வீம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களில் யாருமே அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் பதினேழு, சான் லாசரோ திருநாள். காப்பி ஜன்னலில் விற்கும் மிக்தாலியா வேண்டுதலுக்காக ஊதாச் சாக்குத்துணி உடுத்தியிருந்தாள். மத்தியானம் வானொலியில் ஜனாதிபதி பேசினார்: இரண்டு அரசாங்கங்களும் உறவைப் புதுப்பிக்கப்போகின்றன, தூதரகங்கள் திறக்கும். பூங்காவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"கொடி ஏத்துவானுங்களாம்! தூதரகம் திறப்பானுங்களாம்!" ஆர்செனியோ மேசையை அறைந்தார். "என் ஒன்பது வருஷத்த எவன்யா திறந்து குடுப்பான்?"

"யோவ், அம்பது வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தோமே, அவனுங்க விழுந்தானுங்களா?" என்றார் பூபோ. "எங்கம்மாதான் விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா. ஒரு மாத்திர அனுப்பறதுக்கு நான் ஊரெல்லாம் கால்ல விழுந்தேன்."

"நீ அவனுங்க ரொட்டியத் தின்னு வளந்தவன், அப்பிடித்தான் பேசுவ."

"நான் ரொட்டி தின்னத நீ பாத்தியா? ரொட்டியே இல்லன்னுதான்யா படகு ஏறுனேன்!"

"கத்துறவங்க காப்பியக் குடிச்சிட்டுக் கத்துங்க, ஆறிப்போகுது" என்றாள் மிக்தாலியா. "எவெலியோ மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

எவெலியோ தன் காயைச் சத்தமில்லாமல் வைத்தார். ஆர்செனியோ ஒன்றை அறைந்தார். நாற்காலியின் முறை. டொக் டொக். பாஸ்.

பூபோ முனகிக்கொண்டே ஒன்றைப் போட்டார். எவெலியோ வைத்தார். ஆர்செனியோ அறைந்தார். டொக் டொக். அடுத்த சுற்றிலும் அதேதான். கடைசியில் காய்களைத் திருப்பிப் பார்த்தபோது நாற்காலியிடம் போடக்கூடிய காய்கள் வரிசையாக இருந்தன. காய் இருந்தும் தட்டுவது பொய்ப் பாஸ்; எங்களிடையே அதைவிடக் கேவலம் கிடையாது. திருடனைக்கூட மேசையில் சேர்ப்போம், பொய்ப் பாஸ்காரனைச் சேர்க்க மாட்டோம். கசிமீரோ வாழ்நாளில் அதைச் செய்தவரில்லை. எவெலியோவின் முகம் வெளுத்தது. எல்லோரும் ஆர்செனியோவைப் பார்த்தார்கள். இப்படி ஒரு நாளுக்காகத்தானே அவர் அத்தனை வருடம் காத்திருந்தார்.

டொக் டொக் என்றது மேசை. ஆட்டமே முடிந்துவிட்டது, யாருடைய முறையும் இல்லை. டொக் டொக்.

ஆர்செனியோ மெதுவாகத் தன் உள்ளங்கையை மேசைமேல் வைத்தார். "இது பாஸ் இல்ல" என்றார். குரல் மாறியிருந்தது. "சிறைல தனிக்கொட்டடில போட்டப்ப, பக்கத்துச் சுவத்துல இப்பிடித்தான் தட்டுவோம். இருக்கியா, செத்துட்டியான்னு கேக்கறது. பதில் வர்றவரைக்கும் தட்டுவோம்." எவெலியோவின் பக்கம் திரும்பினார். "எவெலியோ, பதில் சொல்லுய்யா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தெரியும்."

"அந்த அரசாங்கம் விழல ஆர்செனியோ. நீயே இப்பத்தான..."

"தூதரகம் திறக்கக் கூடாதுன்னு நான் சாகற வரைக்கும் சொல்லுவேன்" என்று ஆர்செனியோ கத்தினார், கண்ணில் நீர் நின்றது. "அரசாங்கம் வேற! தட்டுறவனுக்குப் பதில் சொல்லாம இருக்கறது வேற! சொல்லித் தொலைய்யா!"

எவெலியோ குனிந்தார். மேசைப் பலகையில் வாயை ஒட்டிவைத்துக்கொண்டார். எத்தனை வருடமாக எத்தனை பேச்சு சேர்த்து வைத்திருப்பார், யார் சரி, யார் தப்பு, அப்பா செத்தபோது ஏன், அந்தப் பச்சைச் சட்டை எதற்கு என்று. ஒன்றும் வரவில்லை. "அண்ணே" என்றார். "சாப்ட்டியா?"

நான்காவது நாற்காலிக்கு முன்னால் இருந்த மீதிக் காய்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நடுங்கின. பிறகு மேசை தட்டத் தொடங்கியது, நிறுத்த முடியாதவர் தட்டுவது போல. மிக்தாலியா ஜன்னலில் நின்று அழுதாள். யாரும் சொல்லாமலேயே நான்காவது குட்டிக் கோப்பையை எடுத்து வந்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

பிப்ரவரியில் எவெலியோ கார்தெனாஸுக்குப் போனார். ஆர்செனியோ வழியனுப்ப வரவில்லை. ஆனால் கசிமீரோவுக்கென்று மூட்டுவலித் தைலம் இரண்டு டப்பா, யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்ற உத்தரவோடு, பூபோவிடம் கொடுத்தனுப்பினார். கார்தெனாஸ் வீட்டின் முன்கூடத்தில் பழைய மேசை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மூன்று காலி நாற்காலிகளும், நான்காவதில் கசிமீரோவும். மூன்று காலி நாற்காலிகளோடு அவர் ஆடுவதை அந்தத் தெரு அத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிரை வண்டிக்காரர்கள்கூட நின்று ஆட்டக் கணக்கு விசாரித்துவிட்டுப் போவார்களாம். கசிமீரோவின் கண்கள் பாலேறிப் போயிருந்தன. போன கோடையிலிருந்தே பார்வை இல்லை.

"காயத் தடவிப் பாத்து வச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு. "அந்தக் கோவக்காரன் அடிக்கறது மேசைல நல்லா கேக்கும். அவன் பக்கத்தாள் வைக்கறதும் லேசாக் கேக்கும். நீ வைக்கறதுதான்டா கேக்கவே கேக்காது. சின்னதுலேருந்தே அப்பிடித்தான நீ. நீ இருக்கியா, போயிட்டியான்னு எனக்குத் தெரியல. என் பக்கத்துல எவனும் சொல்றதுக்கும் இல்ல. அதான் தட்டுனேன்."

"பொய்ப் பாஸுன்னு நெனச்சோம்ணே."

"நெனைப்பீங்கன்னு தெரியும். மானம் போனாப் போகட்டும்னு தட்டுனேன்."

அந்த ஒரு மாதமும் எவெலியோ அங்கே அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து ஆடினார். ஹயலியாவில் ஆர்செனியோவும் பூபோவும் இரண்டு காலி நாற்காலிகளோடு ஆடினார்கள், அதையும் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்த அடுத்த நாள் ஆட்டத்தில் ஒரு மாற்றம் இருந்தது. எவெலியோ கர்ராசானா கையை உயரத் தூக்கி, காயை மேசையில் ஓங்கி அறைந்தார்; பிறகு குனிந்து, பலகையில் வாய் வைத்து, "ஆறு-நாலு, அண்ணே. நாலு வெளிய இருக்கு" என்றார். பூபோ சிரித்துவிட்டார். ஆர்செனியோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்: ஜோடிக்காரனோடு பேசுகிறான், இது சட்டவிரோதம், இப்படியெல்லாம் ஆட முடியாது! அன்று முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜூலையில் தூதரகங்கள் திறந்தன. கொடி ஏறியபோது மிக்தாலியாவின் வானொலியை அவரே போய் அணைத்தார். அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முறை. காயை அறைந்தார். நாற்காலி தடவித் தடவி அசைந்தது, தயங்கியது, முனையில் என்ன எண் இருக்கிறது என்று அதற்குப் பிடிபடவில்லை. எவெலியோ குனியப்போனார். அதற்குள் ஆர்செனியோ, முழங்கால் வலியோடு முனகிக்கொண்டே, தலையைத் தாழ்த்தி மேசையில் வாயை வைத்தார்.

"ஏழு-அஞ்சு" என்றார் கடுகடுவென்று. "அஞ்சு வெளிய இருக்கு. காதுல விழுந்துச்சாய்யா?"

டொக் டொக் என்றது மேசை.

"பாஸ்" என்று சொல்லிவிட்டு பூபோ ஒன்றைப் போட்டார், எவெலியோ தன் காயை எடுத்தார்.