மிச்சமிருந்த இரண்டு அட்டை

அவன் பஸ் டிரைவர். இருபத்தெட்டு வயதுவரை முகம் முழுக்கச் சீழ் கட்டிய பருக்கள். தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஆறு மாதம் விழுங்கினான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தாலும் முகம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. போதுமென்று டாக்டர் நிறுத்தியபோது இரண்டு அட்டை மிச்சம். "இதை யாருக்கும் கொடுத்துடாதீங்க, முக்கியமா பொம்பளைங்களுக்கு" என்று அவர் சொன்னதை அரைக்காதில்தான் வாங்கினான்.

தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் மாட்டிவிடும் வேலை. வந்தவர் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். கல்யாணமான வருடமே அவளுக்குத் தாடையெங்கும் பரு கிளம்ப, முதலாளி அவளைப் பின்னறையில் லென்ஸ் துடைக்க உட்கார்த்திவிட்டார்.

"பூசாத க்ரீம் இல்லண்ணா. என் மூஞ்சியில ரோடு போடலாம்னு வீட்டுக்காரரே கிண்டல் பண்றாரு."

"இந்தா, இதைப் போடு."

"டாக்டரைக் கேக்க வேணாமா?"

"எனக்குக் கொடுத்ததைத்தானே உனக்கும் கொடுக்கப்போறாரு!"

இருபது நாள் போட்டாள். பரு அடங்கத் தொடங்கியது. அட்டை தீர்ந்த வாரத்தில்தான், அவள் இரண்டு மாதக் கர்ப்பம் என்று தெரிந்தது. வீடே குதூகலப்பட்டது. மாத்திரை ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயமும் மூளையும் சரியாக உருவாகவில்லை என்றார்கள்.

"ஆரம்பத்துல ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லையே" என்றாள் தங்கை. பருவுக்குப் போட்டது அவளுக்கு மருந்துக் கணக்கிலேயே வரவில்லை.

கதவோரம் நின்ற அண்ணனுக்குத் தோல் டாக்டர் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் மாத்திரையின் பெயரைச் சொன்னான். "நான்தான் கொடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாத்திரையால இப்படி ஆகும். கர்ப்பம் இல்லைன்னு டெஸ்ட் பண்ணாம நாங்க பொண்ணுங்களுக்கு இதைக் கொடுக்கவே மாட்டோம்."

தங்கை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. பெண் குழந்தை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாப்பிள்ளை சட்டையைப் பிடிக்க எழுந்தான். தங்கைதான் தடுத்தாள்.

"நீ வேணும்னு செய்யலண்ணா, தெரியும். ஆனா உன்னைப் பாத்தா வயிறு எரியுது. நானா கூப்பிடுற வரைக்கும் வராத."

அவன் சரியென்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். ஒரு வருடம் ஓடிவிட்டது. அவள் இன்னும் கூப்பிடவில்லை.