தரையில் வைத்த காது

“ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா பிரேக்கு?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். வீட்டுக்குள்ளேயே டிவி திரையில் கார் பந்தயம் விளையாடுவதற்கான சீட்டும் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அவற்றை மாட்டும் இரும்புச் சட்டமும் அன்றுதான் வந்திருந்தன. சீட்டை வைப்பதற்கு முன்பே அப்பா எல்லா போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டார். சீட் நுழையவில்லை.

“ஓட்டுறதுக்கு முன்னாடியே டிராஃபிக் ஜாமா அத்தான்?” என்று உதவிக்கு வந்த மைத்துனன் சிரித்தான்.

“வாயை மூடிட்டு ஸ்பேனரை எடுடா.”

ஒருவழியாக மாட்டி முடித்து பிரேக்கை மிதித்தபோது தரை தொம்மென்று அதிர்ந்தது. கீழ்வீட்டு நர்ஸ் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில்தான் தூங்குவார். அப்பாவுக்கு விளையாட வாய்ப்பதும் விடுமுறைப் பகல் மட்டுமே.

“நம்ம வீடு, நம்ம வண்டி. யாரு கேக்கப் போறா?” என்றான் மைத்துனன்.

அந்த நர்ஸ் வந்து கேட்கவே மாட்டார் என்பதுதான் அப்பாவை உறுத்தியது. மகள் கைக்குழந்தையாக இருந்து பகலெல்லாம் வீறிட்டு அழுத மாதங்களில், அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. படியில் பார்த்தால், “பாப்பாவுக்கு வயித்துவலி தேவலையா?” என்று மட்டும் விசாரிப்பார்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அப்பா சட்டத்தை மறுபடி கழற்றினார். அடியில் தடித்த ரப்பர் விரிப்பை இரண்டடுக்காகப் போட்டு மாட்டினார். பிறகு தரையில் காதை வைத்துப் படுத்து, கையால் பிரேக்கை ஓங்கி அழுத்தினார். தரை அதிரவில்லை.