கூண்டு எண் இரண்டு

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, எலிகள் தின்று வைத்த மிச்சத்தை எடை போடுவது. சொன்னால் சிரிப்பார்கள்; ஆனால் இருபது வருடமாக அதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. கூண்டுக்குக் கூண்டு தீனி வைத்து, மறுநாள் காலை மரத்தூளில் சிந்தியதையும் பொறுக்கித் தராசில் போட்டு, தாளில் எழுத வேண்டும். கூண்டு எண், வைத்தது, மிச்சம், தின்றது என்று நான்கு கட்டங்கள். யார் பேச்சையும் நம்ப மாட்டேன், தராசை மட்டும்தான் நம்புவேன் என்று பீற்றிக்கொள்வேன்.

அதில் எழுதாத தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெட்கங்கெட்ட வேலைதான்.

என் மகளுக்குப் பதினாறு வயது. உடம்பு பெருத்துக்கொண்டே போனது. அவள் அண்ணனோ ஒல்லிக்குச்சி. இருவருக்கும் ஒரே சமையல். "அளவாத்தாம்மா சாப்பிடறேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நம்பவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் தட்டு, ரொட்டி, பிஸ்கட் டப்பா என்று எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்தேன். கூண்டு எண் என்ற கட்டத்தில், கைப்பழக்கத்தில், மகனுக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு என்று போட்டேன். தாளை மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பத்தொன்பது நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு நாள்கூட அவள் அண்ணனைவிட அதிகம் சாப்பிடவில்லை.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வெளியே வாங்கித் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். போன வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "இவ சொல்றத நம்பாதீங்க டாக்டர். வீட்ல நல்லவ மாதிரி இருந்துட்டு வெளிய போய் மொக்கறா."

அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள்.

ஆய்வுக்கூடத்தில் இப்போது ஒரு புது மருந்துக்குச் சோதனை நடக்கிறது. அது மூளைக்குள் போகாது, பசியைத் தொடாது. கொழுப்பும் ஈரலும் ஹார்மோன் வழியாக வாங்குகிற சேதியை மட்டும் மாற்றப் பார்க்கும். இன்று காலை தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் ஆய்வுத் தலைவியிடம் ஓடினேன்.

"மேடம், தராசுல ஏதோ கோளாறு. மருந்து போட்ட எலியும் போடாத எலியும் ஒரே அளவுதான் தின்னுது. ஆனா மருந்து போட்டது மட்டும் இளைக்குது."

அவர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தராசு சரியாத்தாங்க இருக்கு. தின்னதைச் சேர்த்து வை, சேர்த்து வைன்னு உடம்புக்குள்ள ஒரு சேதி ஓடிட்டே இருந்துச்சு. அதை இப்ப தடுத்திருக்கோம். எலி மேல என்னங்க தப்பு?"

"ஆமா மேடம்" என்றேன். உடனே நம்பிவிட்டேன். அப்புறம்தான் மாவு டப்பா ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். எலிகளைப் பற்றி, சேதியைப் பற்றி, மருந்து மனிதர்களுக்கு வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்பதைப் பற்றி. "உன் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. அம்மாதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அவள் கேட்டுக்கொண்டாள். "எலி சொன்னதும் நம்பிட்டியாம்மா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் எழுந்துபோய் ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தேன். நிறைய வைத்தேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போகவில்லை. சமையலறைத் தராசில் வைத்தாள். எண் நிற்கும்வரை பொறுத்திருந்து, மாவு டப்பாவைத் தூக்கி, அடியிலிருந்த தாளை உருவினாள்.

"கூண்டு ரெண்டு நான்தானே?" என்று கேட்டபடி பேனாவைத் தேடினாள்.