கால்ல கட்டின இரும்புக் குண்டு

நார்மன் ஆலரன்ஷாவுக்குப் பேச்சு போன பிறகும் அலுப்பு போகவில்லை. மூளையில் ரத்தம் உறைந்த அன்று தண்ணீர், பசி, வலது, இடது என்று எல்லாச் சொற்களும் அழிந்துவிட்டன. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேடுகளில் வாழ்நாளெல்லாம் அலுத்துக்கொண்டே பேருந்து ஓட்டியவர். அந்த அலுப்பில் பழகிப்போன சொலவடைகளும், பயணிகளிடம் சொல்லிப் பழகிய ஓரிரு உபசார வார்த்தைகளும் மட்டும் உடையாமல் மிஞ்சின. பேச முடியாதவர்களுக்கும் பாட்டு வருவதில்லையா, அது மாதிரிதான் என்றார் மருத்துவர்.

ஒழுகும் கூரையுள்ள அந்தக் கல்வீடு அவருக்கு "கழுத்துல கட்டின திருகைக்கல்லு". வெங்காயப் பாத்தியைக் கிளறும் நாய் "விலாவுல குத்துற முள்ளு". தங்கை டோரீன் "பிடரி வலி". மனைவி பெரில், "கால்ல கட்டின இரும்புக் குண்டு".

நான் பக்கத்து வீடு. அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கப் போவேன். இந்த நாலைந்து சொலவடைகளை வைத்துக்கொண்டு பெரில் ஒரு முழுக் குடும்பமே நடத்தினாள். "முள்ளு" என்று அவர் கத்தினால் நாயை உள்ளே விட வேண்டும். "திருகைக்கல்லு" என்று முனகினால் மழை வருகிறது, கூரைக்குக் கீழே வாளியை வைக்க வேண்டும். குரலின் ஏற்ற இறக்கத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணனை முதியோர் இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று டோரீன் நின்றாள். பெரிலுக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை, அது உண்மைதான். எங்கே இருப்பது என்று நார்மனே சொல்லட்டும் என்று ஊர் கவுன்சிலிலிருந்து திருமதி பாக்ஷா வந்தாள். பெரில் குறுக்கே பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"நார்மன், யார் கூட இருக்க ஆசைப்படுறீங்க?"

அவர் பெரிலைப் பார்த்தார். "கால்ல கட்டின இரும்புக் குண்டு."

"கேட்டீங்களா?" டோரீன் துள்ளினாள். "அண்ணனே சொல்லிட்டாரு!"

"சரி, எங்க இருக்க ஆசை?"

அவர் ஈரம் படிந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். "கழுத்துல கட்டின திருகைக்கல்லு."

"இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் டோரீன்.

பெரில் பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பையை இறுகப் பிடித்திருந்தாள்.

பாக்ஷா முதியோர் இல்லத்தின் படத்தை அவர் மடியில் வைத்தாள். ரோஜாத் தோட்டம், வெள்ளை நாற்காலிகள், சிரிக்கும் செவிலியர்கள். நார்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பின் தெரியாத பயணிகளிடம் பேசும் அந்தப் பழைய குரல் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"பிடிச்சிருக்கு! பாத்தீங்களா, பிடிச்சிருக்கு!"

பாக்ஷாவின் பேனா நின்றது. "டோரீன், நீங்க இந்த ஊர்தானே?"

"இங்கதான் பொறந்தேன். ஏன்?"

"எங்க மாமியார் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றாங்க. நானும் இதே குரல்லதான் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றேன். ஒண்ணையும் போட்டதில்ல. இந்த ஊர்ல வேண்டாங்கறத அப்படித்தானே சொல்லுவோம்?" டோரீனைக் காட்டி நார்மனிடம் கேட்டாள். "இவங்க யாரு?"

"பிடரி வலி."

"அது?"

"விலாவுல குத்துற முள்ளு." நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடிக்கு வந்தது.

பாக்ஷா பேனாவை மூடினாள். "தன்னோடது எல்லாத்துக்கும் ஒரு வசவு வச்சிருக்காரு. இல்லத்துக்கு ஒண்ணுமே இல்ல. இவர் இங்கயே இருக்கட்டும். காலைல தூக்கிவிட ஆள் அனுப்புறேன், பெரில்."

டோரீன் முகம் சுருங்கியது. எழுந்து கோட்டை மாட்டினாள். "பிடரி வலியாம். கூடப் பொறந்தவளைப் பேசற பேச்சா இது?"

பெரில் அப்போதுதான் வாய் திறந்தாள். "சந்தோஷப்படு, வாத்தே." எங்கள் பக்கம் செல்லமாகக் கூப்பிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் வாத்துதான். "உன்னைப் பாத்து ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா, அப்ப நீ அழுதிருக்கணும்."

டோரீன் வாசலிலேயே நின்று அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து முறைத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"டீ இருந்தா ஊத்து" என்றாள், பிடரியைத் தேய்த்துக்கொண்டே.